அடங்காத இயந்திரம்: இரட்டைக் கார்புரேட்டர் மோட்டார் சைக்கிளில் பழுது காணும் முறை



நமது தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு மிகக் குறைவு. வேலைக்காட்டுக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், பட்டணத்துக் கடைக்குப் போய்வரவும் அதுவே நமக்குக் கால். இவற்றில் பெரும்பாலானவை ஒரே சிலிண்டரும் ஒரே கார்புரேட்டரும் உடைய சிறிய வண்டிகள். இவற்றைப் பழுதுபார்ப்பது எளிது. கைப்பழக்கம் உள்ளவர்கள் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுவார்கள்.

ஆனால் பழைய வண்டிகளில் வேறொரு வகையும் உண்டு. 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் வெளிவந்த ஹோண்டா சிபி 175, சிபி 350, 1973-இல் வெளிவந்த யமஹா ஆர்டி 350 போன்றவை இரண்டு சிலிண்டர் வண்டிகள். சிலிண்டருக்கு ஒன்றாக அவற்றுக்கு இரண்டு கார்புரேட்டர்கள். 1969-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி 750-க்கு நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர். இத்தகைய வண்டிகளை இன்றும் இளைஞர்கள் தேடிப்பிடித்து வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். தகப்பனார் ஓட்டிய வண்டியைத் துடைத்து மீண்டும் சாலைக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு.

இந்த வண்டிகளில் அடிக்கடி காணும் பழுது ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். வண்டி நிற்கிறது; கியர் போடவில்லை; முறுக்குப்பிடியை யாரும் தொடவில்லை. ஆனாலும் இயந்திரம் அடங்காமல் இரைகிறது. முடுக்கத்தைத் தொடாதபோது இயந்திரம் ஓடும் இந்த ஓட்டத்தைப் பட்டறையில் 'ஐடிலிங்' என்பார்கள். நாம் இதனை வெற்றோட்டம் என்று சொல்வோம். வெற்றோட்டம் ஏன் மிகுகிறது, அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இன்றைய பேச்சு.

'சத்தம்தானே, போகட்டும்' என்று இதனை விட்டுவிடலாமா? கூடாது. முதலாவது, இது ஆபத்து. இயந்திரம் வேகமாகச் சுழலும்போது முதல் கியரைப் போட்டால் வண்டி துள்ளிப் பாயும். சரளைக்கல் சரிவில் இறங்கும்போது, முடுக்கத்தை விட்டதும் இயந்திரம் வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். வெற்றோட்டம் மிகுந்த வண்டியோ பிடித்து நிறுத்துவதற்குப் பதிலாக முன்னே தள்ளும். மழைபெய்த செம்மண் சாலையில், பின்னால் பிள்ளை அமர்ந்திருக்கும்போது, இது விளையாட்டல்ல. இரண்டாவது, இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். மூன்றாவது, வீண் செலவு. காரணம் அறியாமல் கார்புரேட்டர் இரண்டையும் மாற்றிப் பணத்தைக் கொட்டிய பிறகு, பழுது ஒரு சின்னஞ்சிறு ரப்பர் வளையத்தில் இருந்தது என்று தெரியவந்தால் மனம் என்ன பாடுபடும்?

ஆகவே ஒன்றை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் மிகுந்தவுடன் திருப்புளியை எடுத்து வெற்றோட்டத் திருகாணியைத் திருகிக் குறைப்பதுதான் பலருடைய வழக்கம். அது காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவதைப் போன்றது. சூடு சற்றே தணியும். நோய் உள்ளேயே இருக்கும். திருகாணியைத் தொடுமுன் காரணத்தைத் தேட வேண்டும்.

காரணத்தைத் தேட வேண்டுமானால், வெற்றோட்டம் எப்படி நடக்கிறது என்பது தெரிய வேண்டும். இயந்திரம் மூச்சுவிடும் ஒரு பிராணியைப் போன்றது. காற்றை உள்ளே இழுக்கிறது. அக்காற்றோடு கார்புரேட்டர் பெட்ரோலைத் தூறலாகக் கலந்து அனுப்புகிறது. முறுக்குப்பிடியைத் திருப்பினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் வாயில் திறக்கிறது. மிகுதியான காற்று நுழைகிறது. இயந்திரம் வேகம் பெறுகிறது. பிடியை விட்டால் வாயில் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. முற்றிலும் மூடினால் இயந்திரம் நின்றுவிடும் என்பதால், ஒரு நூலிழை இடைவெளி இருக்கும்படி ஒரு திருகாணி அவ்வாயிலைத் தாங்கிப் பிடிக்கிறது. அதுதான் வெற்றோட்டத் திருகாணி. நாம் சொன்ன இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் பலவற்றுக்கு, வெற்றோட்டம் நிமிடத்திற்கு 1,200 சுற்று என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? யாரும் முடுக்காமலே இயந்திரம் இரைகிறதென்றால், பெரும்பாலும் காற்று எங்கோ ஒரு வழியில் மிகுதியாக நுழைகிறது. ஒன்று, வாயில் சரியாக மூடவில்லை. அல்லது, வாயிலைச் சுற்றிக்கொண்டு வேறொரு திருட்டு வழியாகக் காற்று புகுகிறது. இவை இரண்டும் இல்லையென்றால் கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம். அல்லது பிளக்கில் தீப்பொறி உரிய நேரத்துக்கு முந்தி விழலாம்.

கார்புரேட்டர் ஒன்றாக இருந்தால் தேடுவது எளிது. இரண்டு இருக்கும்போது சிக்கல் இரட்டிக்கிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று இழுத்து, மற்றொன்று சோம்பினால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் இழுக்கிற மாடு களைத்துவிடும். ஆகவே இத்தகைய வண்டியில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். காற்று எவ்வழியே நுழைகிறது? எந்தப் பக்கத்தில் நுழைகிறது?

வேலையைத் தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. அடைத்த கொட்டகைக்குள் அது உயிரைக் கொன்றுவிடும். புகைபிடிக்கும் அன்பர்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். சிறு பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். புகைக்குழாய் சுட்டால் தோல் உரிந்துவிடும். சாவி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பத்து நிமிடம் ஓட்டி இயந்திரத்தைச் சூடாக்கிய பின்பே சோதிக்க வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தில் திருத்திவைத்த வெற்றோட்டம், சூடேறியதும் மிகுந்துவிடும். அதற்காக நிறுத்திய வண்டியை நெடுநேரம் ஓடவிடவும் கூடாது; இவை காற்றால் குளிரும் இயந்திரங்கள்.

இனி, கருவி எதையும் எடுக்காமல் முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பழுது தன் பெயரைத் தானே சொல்லும். இரைச்சல் கூடாமல் குறையாமல் ஒரே சீராக மிகுந்திருந்தால், பெரும்பாலும் கேபிள் அல்லது திருகாணி. கைப்பிடியை இடமும் வலமும் திருப்பும்போது இரைச்சல் ஏறினால், ஐயமே இல்லை, கேபிள். முறுக்கி விட்டபின் வேகம் உடனே இறங்காமல் சற்று நேரம் தொங்கிநின்று மெல்ல இறங்கினால், காற்றுக் கசிவு, பெட்ரோல் குறைந்த கலவை, அல்லது முந்திவிழும் தீப்பொறி. இரைச்சல் அலைபோல் ஏறியிறங்கினால், கசிவையும் அடைப்பையும் முதலில் சந்தேகியுங்கள்.

முதற்படி, கேபிள். இதற்குக் காசு செலவில்லை. முறுக்குப்பிடியைத் திருப்பி விடுங்கள். அது தானாகவே துள்ளித் திரும்ப வேண்டும். கேபிள் இழுபடத் தொடங்குமுன், பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருத்தல் வேண்டும். அந்த அசைவு இல்லையென்றால் கேபிளே வாயிலைத் திறந்து பிடித்திருக்கிறது என்று பொருள். பல இரட்டை வண்டிகளில் பிடியிலிருந்து ஒரு கேபிள் புறப்பட்டு, நடுவில் இரண்டாகப் பிரிந்து கார்புரேட்டருக்கு ஒன்றாகச் செல்லும். ஒரு கிளை துருப்பிடித்து இறுகினால் ஒரு பக்கம் மட்டும் திறந்தே இருக்கும். எனவே இரண்டு கிளைகளிலும் அசைவைத் தனித்தனியே பாருங்கள். பெட்ரோல் தொட்டியைக் கழற்றி மாட்டும்போது கேபிள் அதன் அடியில் நசுங்குவதும் உண்டு. கேபிளின் இழைகள் பிரிந்திருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி, சோக். குளிர்ந்த வண்டியைக் கிளப்ப உதவும் இந்த ஏற்பாடு, முழுதும் திரும்பாமல் பாதியில் சிக்கியிருக்கலாம். இரண்டு கார்புரேட்டரிலும் அது முழுமையாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படியில்தான் திருகாணி வருகிறது. அதுவும் குறைப்பதற்காக அல்ல, சோதிப்பதற்காக. இப்போது திருகாணி இருக்கும் நிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எத்தனை சுற்றுத் தளர்த்துகிறீர்கள் என்பதை எண்ணிக்கொண்டே, இரண்டையும் மெதுவாகத் தளர்த்துங்கள். நல்ல வண்டியானால் இயந்திரம் தணிந்து, பிறகு நின்றுவிட வேண்டும். இரண்டு திருகாணிகளும் வாயிலைத் தொடாத அளவுக்குத் தளர்ந்த பிறகும், கேபிளில் அசைவு இருந்தும், இரைச்சல் குறையவில்லையா? அப்படியானால் காற்று அந்த வாயில் வழியாக வரவில்லை. வேறு வழியாக வருகிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடுகிறது.

நான்காம் படி, அந்தத் திருட்டு வழியைக் கண்டுபிடிப்பது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே ஓர் இணைப்புக் குழாய் இருக்கிறது. பல வண்டிகளில் அது ரப்பரால் ஆனது. அதைப் பிடிக்க வளையப் பட்டையும், அடியில் ஒரு ரப்பர் வளையமோ கேஸ்கெட்டோ இருக்கும். நாற்பது ஐம்பது ஆண்டு சூட்டில் வெந்த ரப்பர், ஒட்டுப்பால் காய்ந்ததுபோல் இறுகி வெடித்திருக்கும். வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும், மடக்கிப் பார்த்தால் வெடிப்பு வாய்திறக்கும்.

ஓடும் இயந்திரத்தில் கசிவைக் காண ஓர் எளிய வழி உண்டு. ஊசியில்லாத பழைய மருந்துக் குழலில் தண்ணீரை நிரப்பி, இணைப்புக் குழாயின் ஓரங்களிலும் வளையப் பட்டையின் விளிம்பிலும் சில துளிகள் விடுங்கள். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் அது வழியை ஒரு கணம் அடைக்கும். இரைச்சல் சட்டென்று மாறும். மாறிய இடமே குற்றவாளி. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சுடும் புகைக்குழாய்க்கு அருகில் பெட்ரோலைத் தெளிப்பது நெருப்போடு விளையாடுவதாகும். வேண்டவே வேண்டாம். இணைப்புக் குழாயில் அளவு பார்ப்பதற்காக வைத்த சிறு துளைகளும் உண்டு. அவற்றை மூடும் திருகாணியோ தொப்பியோ விழுந்திருந்தாலும் காற்று புகும். கார்புரேட்டர் வாயிலின் அச்சு தேய்ந்து ஆடினால், அவ்விடத்திலும் துளி விட்டுப் பாருங்கள்.

ரப்பரைப் பற்றி ரப்பர்த் தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பால்மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் இழுவைக்கு இணையற்றது. ஆனால் பெட்ரோலில் நனைந்தால் அது பருத்து நைந்துபோகும். அதனால்தான் பெட்ரோல் படும் பாகங்களுக்குப் பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, வெடித்த குழாய்க்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, பஞ்சர் பசையால் ஒட்டும் வைத்தியம் நிலைக்காது. இன்று சரியானதுபோல் தோன்றும். சில நாளில் பசை இளகிக் கசிவு முன்னிலும் பெரிதாகும். புதிய குழாயும் வளையமும் வாங்கிப் போடுவதே உண்மையான சிக்கனம். ஒரு பக்கம் வெடித்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக் இளம்பழுப்பு நிறமாக இருக்கும். ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று சுண்ணாம்புபோல் வெளுத்தும் இருந்தால், வெளுத்த பக்கத்தில் காற்று மிகுதி, அல்லது பெட்ரோல் குறைவு.

ஐந்தாம் படி, அடைப்பு. கசிவு எங்கும் இல்லை, ஆனாலும் வேகம் தொங்குகிறதென்றால், வெற்றோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் சிறிய ஜெட்டைப் பாருங்கள். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வண்டி பல மாதம் ஓடாமல் கிடந்தால், பெட்ரோல் காய்ந்து பிசினாகி அத்துளையை அடைத்துவிடும். ஜெட்டைக் கழற்றி, அதற்குரிய துப்புரவு நீர்மத்தில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் பயனற்றுப்போகும். ஒரு கார்புரேட்டரின் பாகத்தை மற்றொன்றின் பாகத்தோடு கலந்துவிடாதிருக்க, இரண்டு தனித்தனிப் பாத்திரங்களில் போட்டு வையுங்கள்.

ஆறாம் படி, தீப்பொறி. இப்பழைய வண்டிகள் சிலவற்றில், இயந்திரம் வேகம் பெறும்போது தீப்பொறியை முந்திவிழச் செய்ய இரண்டு சிறு எடைத்துண்டுகளும் சுருள்வில்களும் உண்டு. சிபி 175, சிபி 350 வண்டிகளில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். வேகம் தணிந்ததும் வில் அந்த எடைகளை இழுத்து மூட வேண்டும். வில் தளர்ந்தாலோ, அச்சில் பழைய கிரீஸ் இறுகினாலோ, தீப்பொறி முந்தியபடியே நிற்கும், வெற்றோட்டமும் இறங்காது. கார்புரேட்டரை நான்கு முறை கழற்றி மாட்டியும் குணமாகாத வண்டிகளில், குற்றம் இங்கே ஒளிந்திருப்பதுண்டு.

இவை எல்லாம் சரியான பின்பே, கடைசிப் படியாக, இரண்டு மாடுகளையும் ஒரே நடைக்குக் கொண்டுவர வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றி, இயந்திரத்தை நிறுத்திய நிலையில், முறுக்குப்பிடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இரண்டு வாயில்களும் ஒரே கணத்தில் எழ வேண்டும். வாயில் கண்ணுக்குத் தெரியாத வகையானால், வெளியே உள்ள சிறு நெம்புகோல்கள் இரண்டும் ஒரே கணத்தில் அசைய வேண்டும். ஒன்று முந்தினால், பிந்துகிற பக்கத்துக் கேபிளின் திருத்தியைச் சற்றுத் திருப்பிச் சமன் செய்யுங்கள். பிறகு வடிகட்டியை மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, இரண்டு புகைக்குழாய்களுக்கும் பின்னால் ஒரு சாண் தள்ளி உள்ளங்கைகளைப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் மூச்சு ஒரேயளவாய் வர வேண்டும். வெற்றோட்டத் திருகாணிகளைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல், மாற்றி மாற்றித் திருத்துங்கள். பட்டறையில் இதனை வெற்றிட அளவியால் துல்லியமாகச் செய்வார்கள். நான்கு கார்புரேட்டர் உள்ள வண்டிக்கு அந்த அளவி இன்றியமையாதது. அதைக் கையால் முயல வேண்டாம்.

ஆர்டி 350 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அவற்றில் கசிவு இன்னும் கொடியது. காற்று மிகுந்து கலவை மெலிந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடும். சில வேளை பிஸ்டனில் ஓட்டையே விழும். இறுகும் கணத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால், ஓட்டுபவர் கதி என்ன? இணைப்புக் குழாய் நன்றாக இருந்தும் கசிவு தீரவில்லையானால், கிராங்க் அச்சின் ஓரத்தில் உள்ள எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்திருக்கலாம். அது பட்டறை வேலை. தீரும்வரை வண்டியை ஓட்டக் கூடாது. ஆர்டி 350-இல் முறுக்குப்பிடிக் கேபிளின் மூன்றாவது கிளை எண்ணெய்ப் பம்புக்குச் செல்கிறது. கார்புரேட்டர் கேபிள்களைத் திருத்தினால், பம்பின் குறியையும் மறவாமல் சரிபார்க்க வேண்டும்.

நேயர்களே, இத்தனையும் நீங்களே செய்துவிட வேண்டும் என்பதில்லை. கேபிள், சோக், திருகாணிச் சோதனை, தண்ணீர்ச் சோதனை ஆகியவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மற்றவற்றுக்குப் பட்டறைக்குப் போகலாம். ஆனால் பட்டறைக்குப் போகும்போது, 'வண்டி இரைகிறது, பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். 'திருகாணியை முழுதும் தளர்த்தியும் அடங்கவில்லை. இடப்பக்கக் குழாயில் தண்ணீர் பட்டால் சத்தம் மாறுகிறது. அந்தப் பக்கத்துப் பிளக் வெளுத்திருக்கிறது' என்று சொல்லுங்கள். அப்போது மெக்கானிக்கின் நேரமும் மிஞ்சும். உங்கள் பணமும் மிஞ்சும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். சூடேறிய வண்டியை முறுக்கி விட்டு, வேகம் உடனே இறங்குகிறதா, தொங்குகிறதா என்று கேளுங்கள். பளபளக்கும் சாயம் சொல்லாத உண்மையை அந்த ஓசை சொல்லிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், செலவில்லாததை முதலில் பாருங்கள். செலவுள்ளதைப் பிறகு பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதைக் குறித்து வையுங்கள். காற்று நுழையும் வழியைக் கண்டுபிடித்து அடைத்த பின்பே திருகாணியைத் தொடுங்கள்.